நாலடி குறைந்த கிணறு

தவசிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி நடந்தபடியே தின்கிற ஆள். "அசைபோடுற மாடு கூட ஒரு எடத்துல படுக்கும்யா. உன்னையப் பெத்தாகளா, பம்பரமாட்டம் சாட்டை சுத்தி விட்டாகளா?" என்று அவன் பெண்டாட்டி அழகம்மாள் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள்.

அவனுக்கு வாய்த்த பிழைப்பும் அப்படி. நல்லகாமன் முதலாளியின் மரணக் கிணற்றில் பைக் ஓட்டுகிறவன். கிணறு என்றுதான் பேர், தோண்டிய கிணறு அல்ல. ரெண்டாள் உயரப் பலகைகளை வட்டமாக நிறுத்தி, வெளிப்பக்கம் இரும்பு வடம் சுற்றி இறுக்கினால் பொட்டலில் ஒரு மரக்கிணறு எழும்பி நிற்கும். சனங்கள் டிக்கெட் வாங்கிப் படியேறி, விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அடியில் சரிவுப் பலகையில் ஜாவா பைக்கைக் கிளப்பி இரண்டே சுற்றில் தவசி செங்குத்துச் சுவரில் ஏறிவிடுவான். பல்லி ஓடுகிற இடத்தில் பைக் ஓடும். பாதியில் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரிப்பான். அந்த நேரத்தில் மட்டும்தான் அவன் உடம்புக்குள் இருக்கிற எதுவோ சும்மா இருக்கும்.

அவன் மேலூர்ப் பக்கத்துக் கல்லுடைக்கிற குடும்பம். மீசை முளைக்கிற முன்னாலேயே சம்மட்டி பிடித்தவன். சம்மட்டியோ வெயிலோ அவனை ஒன்றும் செய்யவில்லை. ஒரே பாறைக்கு முன்னால் குத்தவைத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற மட்டும் அதே பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பொறுக்கவில்லை. ஒருநாள் சம்மட்டியைப் போட்டுவிட்டு, திருவிழாவுக்கு வந்த கிணற்றுக் கம்பெனியோடு லாரி ஏறிவிட்டான். "வேலைக்குப் பயந்து ஓடுற பய. சுத்திச் சுத்தி வந்தா சோறு போட்ருவாய்ங்களா?" என்று அப்பன் மொக்கைச்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்கப்புறம் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் கம்பெனி மேலூர்த் திருவிழாவுக்கு வந்தது. தவசி போனபிறகு அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. சுவரொட்டியில் அவன் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார் நல்லகாமன். "மேலூர் மண்ணின் மைந்தன் தவசி." கல்குவாரி ஆட்கள் மொத்தமும் சாயங்காலக் காட்சிக்கு வருகிறார்கள் என்று சேதி வந்திருந்தது. அப்பனும் வருகிறார் என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னான். அதிலிருந்து தவசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

காலையில் திருமங்கலத்திலிருந்து லாரி வந்து சேர்ந்தது. டிரைவர் சின்னச்சாமி இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் பீடியைப் பற்றவைத்தான். முத்திருளன் பலகைகளை இறக்கி எண்ணினார். கிணறு நிறுத்துகிற மேஸ்திரி அவர், அழகம்மாளுக்குத் தாய்மாமன். எண்ணி முடித்து, மறுபடி எண்ணினார்.

"இருபத்தொண்ணுதான் இருக்கு. ஒண்ணு எங்கடா?"

"ஒத்தக்கடை தாண்டி வண்டி ரோட்டை விட்டு எறங்கிப் போச்சுண்ணே. ராத்திரி மழைச் சேறு. டயருக்கு அடியில எதையாச்சும் குடுத்தாத்தான் ஏறும்னு ஆகிப்போச்சு. கையில கெடச்சதைக் குடுத்தேன்."

"உன் பொண்டாட்டி பக்கத்துல இருந்திருந்தா அவளையும் தூக்கிக் குடுத்திருப்ப."

"அவளைக் குடுத்தா டயரு போயிருக்கும்ணே" என்றான் சின்னச்சாமி. யாரும் சிரிக்கவில்லை. லாரியின் அடித்தட்டில் அந்தப் பலகை மூன்று துண்டாகக் கிடந்தது.

ஒவ்வொரு பலகையும் நாலடி அகலம். இருபத்திரண்டு பலகை சேர்ந்தால் எண்பத்தெட்டு அடிச் சுற்று. அந்தக் கணக்குக்குத்தான் முத்திருளன் முந்தின நாளே பஸ்ஸில் வந்து, கூலியாட்களை வைத்து, பலகைகளைத் தாங்குகிற கால்களுக்குக் குழி தோண்டி முடித்திருந்தார். அவரிடம் ஒரு கயிறு உண்டு. நடுவில் முளையடித்து, கயிற்றை அதில் மாட்டி, பதினாலடியில் இருக்கிற முடிச்சில் கடப்பாரை முனையைக் கோத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தால் தரையில் வட்டம் விழும். எந்த ஊர்ப் பொட்டலாக இருந்தாலும் அதே கயிறு, அதே முடிச்சு. அதைத் தாண்ட விடமாட்டார், கால் படவிட மாட்டார். வெள்ளிக்கிழமை தோறும் எலுமிச்சம்பழம் சுற்றுவார். முடிச்சைப் போட்டவர் நல்லகாமனின் மாமனார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று.

இப்போது குழி இருபத்திரண்டு. பலகை இருபத்தொன்று. நல்லகாமன் குழி வரிசையை ஒரு தடவை சுற்றி வந்து, வெற்றிலையைத் துப்பினார்.

"ஒத்தப் பல்லு போனதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா? மரவாடியில போயி நாலு பலகை வாங்கிட்டு வாங்கப்பா. இருக்குற சந்துல அடிச்சு விடுங்க."

"மொதலாளி, நம்ம பலகை வளைச்சுச் செஞ்சது. மரவாடிப் பலகை நேராவுல்ல இருக்கும்" என்றான் தவசி. அவன் நடந்துகொண்டேதான் பேசினான்.

"நாலடி நேராப் போனா செத்தா போயிருவ?"

"போயிருவேன். சுவரு அழுத்துற அழுத்தத்துலதான் மொதலாளி வண்டி நிக்குது. வளைவா வந்து திடுதிப்புன்னு நேரா ஆனா சக்கரம் தட்டும். தட்டுனா கீழதான். அதுபோக, ஒண்ணை ஒண்ணு நெரிச்சுக்கிட்டு நிக்கிற பலகைக்கு நடுவுல ஆணியடிச்ச பலகை எம்புட்டு நேரம் தாங்கும்? நூறு பேரு மேல நிப்பாய்ங்க."

நல்லகாமனுக்கும் அது தெரியாததல்ல. போன வருஷம் வேறொரு கம்பெனிக் கிணற்றில் பலகை பிதுங்கி ஓட்டியவன் இடுப்பு உடைந்து கிடக்கிறான். அவர் பேச்சை மாற்றினார். "அப்ப வட்டத்தைச் சுருக்கு. இருக்குற பலகைக்கு நிறுத்து."

"எம்புட்டுச் சுருக்க?" என்றார் முத்திருளன்.

"நாலடி பலகை போச்சுல்ல? கயித்துல நாலடி கொறை."

"நாலடி கொறைச்சா பத்தடிக் கயிறு. அதுல நிறுத்துனா அது கெணறு இல்ல மொதலாளி, உரலு. உள்ள விட்டுத் தவசியை ஆட்டி எடுக்கலாம். எனக்குத் தெரிஞ்சு ரெண்டடி. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, கூட்டுனா நாலு."

டிக்கெட் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அழகம்மாள் அங்கிருந்தே, "ஒரு சாண் கூட வராது மாமா" என்றாள்.

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எட்டாப்பு வரை படித்தவள். கம்பெனியில் டிக்கெட் கிழிப்பதும் மைக்கில் பேசுவதும் அவள்தான். குச்சி ஒன்றை எடுத்துவந்து மண்ணில் ஒரு வட்டம் போட்டாள். நடுவில் ஒரு புள்ளி. புள்ளி வழியாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு கோடு.

"இந்தக் கோடு விட்டம். இது ஏழடின்னா சுத்தளவு இருபத்திரண்டு அடி. எந்த வட்டமா இருந்தாலும் அதேதான். அண்டாவா இருந்தாலும் ஒண்ணுதான், கம்மாயா இருந்தாலும் ஒண்ணுதான். விட்டம் மாதிரி மூணு பங்கு, அப்பறம் இத்தினி. அப்ப சுத்துல நாலடி போனா, விட்டத்துல அதுல மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் போகும். ஒண்ணேகால் அடின்னு வச்சுக்க. மாமா வச்சிருக்கிற கயிறு அதுல பாதிதான். ஆரம். அதுல ஏழரை அங்குலமும் ஒரு நூலும் போனாப் போதும்."

"நாலடிக்கு ஏழரை அங்குலமா!" நல்லகாமன் சிரித்தார். "புள்ளை, நீ டிக்கெட்டை இப்படித்தான் எண்ணுறியா?"

"வாத்தியாரு சொன்னதைச் சொன்னேன்."

"வாத்தியாரா பைக் ஓட்டப் போறாரு?"

தவசிக்கு அந்தக் கணக்கு பிடிபடவும் இல்லை, பிடிபடாமலும் இல்லை. நாலடி போய் ஒரு சாண் கூடக் குறையாது என்றால் மனசு ஏற்க மாட்டேன் என்கிறது. ஆனால் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருப்பதை அதைவிடத் தாங்க முடியவில்லை. லாரியில் கிடந்த தோரணக் கயிற்றை உருவி எறிந்தான். "பேச்சு எதுக்கு? பலகையை வச்சு அளப்போம். இருபத்தொரு பலகை நீளத்துக்குக் கயித்தை அளந்து ரெண்டு முனையையும் முடி. ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இழுப்போம். எங்க நிக்கிதோ அதுதான் வட்டம்."

பலகையைப் படுக்கப் போட்டு, இருபத்தொரு தடவை அளந்து முடிந்தார்கள். கம்பெனியில் அப்போது இருந்தது ஆறு பேர். நல்லகாமன், முத்திருளன், தவசி, அழகம்மாள், டிரைவர் சின்னச்சாமி, இன்னும் கருப்பு. கருப்பு இரண்டாவது ஓட்டுகிறவன். காட்சிக்கு முன்னால் சரிவில் சைக்கிள் ஓட்டிக் கூட்டம் சேர்ப்பான். பைக்கில் பழகியிருந்தாலும் காட்சிக்கு ஏற்றியதில்லை. ஆறு பேரும் சம தூரத்தில் நின்று, கயிற்றைத் தரையோடு பிடித்து வெளியே இழுத்தார்கள். கயிறு விண்ணென்று நின்றது.

தவசி குனிந்து பார்த்தான். ஆறு பேர் கையும் பழைய குழி வரிசை மேலேயே இருந்தன. ஒரு விரல் கூட உள்ளே வரவில்லை.

"பாத்தியா!" என்று நல்லகாமன் கத்தினார். "ஒண்ணுமே கொறையல. அதே குழிக்கு அப்படியே நிறுத்து."

"மாமனாரு முடிச்சு பொய் சொல்லுமா?" என்றார் முத்திருளன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தவசியும் கயிற்றை விட்டுவிட்டு முதல் பலகையைத் தூக்கப் போய்விட்டான். அழகம்மாள் மட்டும் கயிற்றைப் பிடித்தபடியே குத்தவைத்திருந்தாள். "ஏய்யா, ஓடாத. வந்து புடி."

"என்னடி?"

"நம்ம கை இருக்குற எடத்தைப் பாக்காத. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல பாரு."

பார்த்தான். ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கயிறு நேராக ஓடியது. அங்கே நடுவில் குழி வரிசைக்கும் கயிற்றுக்கும் இடையே ரெண்டடி இடைவெளி இருந்தது.

"இது வட்டமில்ல. ஆறு மூலை. வட்டத்துல வளைஞ்சு போறதுக்கு வில்லுன்னு பேரு. குறுக்க நேராப் போனா நாணு. நாம இழுத்தது ஆறு நாணு. குறுக்கால போனா தூரம் கொறையத்தானே செய்யும்? அதான் கயிறு பத்துன மாதிரி இருக்கு. எல்லாரும் விட்டுருங்க. கயித்தைத் தரையில போட்டு, காலால கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளி உருட்டையாக்குங்க."

செய்தார்கள். கோழி கிளறுகிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் காலால் நெம்பினார்கள். நேராக இருந்த இடம் வெளியே போகப் போக, மூலையாக இருந்த இடம் தானாக உள்ளே வந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வளைவாக வந்தபோது கயிறு குழி வரிசைக்குள்ளே சுற்றிலும் ஒரே அளவாகக் கிடந்தது. தவசி சாண் போட்டுப் பார்த்தான். சுண்டுவிரல் நுனி மிஞ்சியது. ஒரு சாணுக்கும் குறைவு.

முத்திருளன் குனிந்து, தானும் ஒரு சாண் போட்டுப் பார்த்தார். அப்புறம் மடியிலிருந்து தன் கயிற்றை எடுத்தார். "பழைய முடிச்சை அவுக்க மாட்டேன். உள்ள இன்னொண்ணு போட்டுக்கிறேன். அடுத்த ஊருல பலகை வந்ததும் இதை அவுத்துரணும்."

நல்லகாமன் வானத்தைப் பார்த்தார். பொழுது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. "முடிச்சு கெடக்கட்டும். குழியை யாரு தோண்டுறது?"

அதுதான் சங்கடம். வட்டம் ஒரு சாண்தான் உள்ளே வந்தது. ஆனால் குழி எல்லாம் புதிதாகத் தோண்ட வேண்டும். பழைய குழிகளைக் கல் போட்டுக் கெட்டிக்க வேண்டும். நேற்று வந்த கூலியாட்கள் தேரோட்டத்துக்குப் போய்விட்டார்கள். திருவிழா அன்று மேலூர்ப் பக்கத்தில் எவனும் கடப்பாரையைத் தொட மாட்டான். முத்திருளனுக்கு ஒரு தோள் எப்போதோ இறங்கிப்போனது, கடப்பாரை ஓங்க முடியாது. சின்னச்சாமியும் முதலாளியும் கல் சுமக்கலாம்.

"மொதக் காட்சியை விட்டுருவோம்" என்றார் நல்லகாமன். "நாளைக்குக் காலையில ஆளு புடிச்சுத் தோண்டுவோம்."

தவசி குழி வரிசையைச் சுற்றி வேகவேகமாக நடந்தான். குவாரி ஆட்கள் இன்றைக்குத்தான் வருவார்கள். நாளைக்கு அவர்களுக்குப் பாறை இருக்கிறது. வந்து பார்த்து, கிணறு இல்லாத பொட்டலைப் பார்த்துவிட்டு அப்பன் என்ன சொல்வார் என்று அவனுக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். நாளை வரை இந்தப் பொட்டலைச் சுற்றிச் சுற்றி நடப்பதை நினைத்தாலே உள்ளங்கால் அரித்தது. கடப்பாரையை எடுத்துவிட்டான்.

"டேய் மாப்ள, வையுடா அதை" என்று முத்திருளன் பதறினார். காட்சி நாளில் ஓட்டுகிறவன் கடப்பாரை தொடக்கூடாது என்பது கம்பெனியில் எழுதாத சட்டம். பலகை தூக்க மாட்டான், தண்ணீர்க் குடம் கூடத் தூக்க மாட்டான். அவன் கை கம்பெனிச் சொத்து.

"கல்லுடைச்ச கை மாமா இது. இருபத்தொரு குழி எனக்கு ஒரு குழியா?" என்றவன், கருப்பைக் கூப்பிட்டான். "டேய், வா. நீ ஒரு கடப்பாரை எடு."

கருப்பு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "அண்ணே, ரெண்டு பேரும் கையைக் கெடுத்துக்கிட்டா சாயங்காலம் யாரு ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன்டா. நீ எதுக்கு ஓட்டுற?"

"அதுவுஞ் சரிதான்" என்றான் கருப்பு. துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தான்.

முத்திருளன் புது முடிச்சில் முனையைக் கோத்து வட்டம் கீறினார். தவசி தோண்ட ஆரம்பித்தான். மேல்மண் ஒரு விரற்கடைதான். அதற்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை விழுந்தால் பொறி பறந்தது. முதல் நாலு குழியில் அவனுக்குப் பழைய உடம்பு திரும்பி வந்துவிட்டது. மூச்சு, இடுப்பு, தோள் எல்லாம் தானாகப் பூட்டிக்கொண்டன. ஒரு குழி முடிந்தால் நாலடி தள்ளி அடுத்தது. அங்கேயே கிடக்க வேண்டியதில்லை. நகர்ந்துகொண்டே இருக்கலாம். இதென்ன பெரிய வேலை என்று கூட நினைத்தான்.

உடம்பு திரும்பி வந்ததே தவிர உள்ளங்கை வரவில்லை. ரப்பர்க் கைப்பிடி பிடித்தே பழகிப்போன தோல். காய்ப்பெல்லாம் எப்போதோ உதிர்ந்து, பெண்பிள்ளை கை மாதிரி ஆகியிருந்தது. பாதி வட்டம் வரும்போது கொப்புளம் எழும்பியது. அப்புறம் அது உடைந்தது. கடப்பாரை வழுக்கியபோதுதான் கையைப் பார்த்தான். துண்டைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தான்.

அழகம்மாள் மோர் கொண்டுவந்தாள். கையைப் பிடித்து இழுத்தாள், அவன் உருவிக்கொண்டான். "காட்டுய்யா."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா துண்டு செவப்பா இருக்கு? வெளங்காத மனுசா, நாளைக்கு ஓட்டுனா வண்டி ஏறாதா?"

"நாளைக்கு எங்கப்பன் வர மாட்டாரு."

அவள் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து, தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். கட்டும்போது, "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்று முனகினாள்.

"இருந்திருந்தா பிதுங்குன பலகையில ஓட்டியிருப்பேன். போடி. இன்னும் ரெண்டு குழிதான்."

இன்னும் ஐந்து குழி இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்குக் கால்கள் நட்டாகிவிட்டது. பலகைகள் ஒவ்வொன்றாக எழும்பின. கடைசிப் பலகையைச் சந்தில் இறக்கும்போது எல்லோரும் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். முத்திருளன் மரச் சுத்தியால் ரெண்டு தட்டுத் தட்டினார். பலகை உறுமிக்கொண்டு இறங்கி, பக்கத்துப் பலகைகளை நெரித்து உட்கார்ந்தது. பொருத்தில் சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்று கூட நுழையாது. சின்னச்சாமி வடத்தைச் சுற்றி முறுக்கினான். நல்லகாமன் பலகையில் காதை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "அழகம்மா, உங்க வாத்தியாரு பேரு என்ன?" என்று கேட்டார். அவள் புருஷனின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனம் வந்துவிட்டது. தேர் நிலைக்கு வந்த கையோடு கூட்டம் இங்கே திரும்பியது. மைக்கில் அழகம்மாள் குரல் பொட்டலைத் தாண்டிப் போனது. படிக்கட்டு அதிர்ந்தது. குவாரி ஆட்கள் மேலே போகிற சத்தத்தைத் தவசி உள்ளேயிருந்தே அடையாளம் கண்டுகொண்டான். சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்கு மெல்லப் பேசத் தெரியாது.

"எங்கடா மொக்கைச்சாமி மகன்?"

"கீழ நிக்கிறான் பாரு. பேண்டெல்லாம் போட்டிருக்கான்."

நிமிர்ந்து பார்த்தான். விளிம்பில் தலைகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அதில் ஒன்று முண்டாசு கட்டியது. அப்பன் இரண்டு கையையும் பலகை விளிம்பில் வைத்துக் குனிந்திருந்தார். முகம் தெரியவில்லை, இருட்டாக இருந்தது. கை தெரிந்தது.

உள்ளே தவசியும் கருப்பும் மட்டும். கதவுப் பலகையை வெளியே வைத்துத் தாழிட்டாயிற்று. காட்சி முடிகிற வரை திறக்க மாட்டார்கள். கருப்பு சைக்கிள் ஓட்டி முடித்து ஓரமாக நின்றான். தவசி பைக்கில் ஏறி உதைத்தான். எஞ்சின் சத்தம் கிணற்றை நிறைத்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கிளட்சைப் பிடித்தான். இடது கை விரல்கள் பாதி தூரம் வந்து நின்றுவிட்டன. சேலைத் துணியை வாயால் கடித்து அவிழ்த்து எறிந்துவிட்டுப் பிடித்தான். விரல்கள் மடங்கின, மடங்கியபிறகு அதிர ஆரம்பித்தன. கடப்பாரை இன்னும் கைக்குள் இருந்து தரையில் மோதிக்கொண்டிருக்கிற மாதிரி. தரையில் ஒரு சுற்று வந்தான். சரிவில் ஏற்றினான். சரிவிலிருந்து சுவருக்குத் தாவுகிற இடத்தில் கைப்பிடியை ஒரு வெட்டு வெட்ட வேண்டும். வெட்டினான். கை வழுக்கியது. வண்டி சரிவில் குறுக்கே இறங்கி, காலை ஊன்றித்தான் நிறுத்தினான்.

மேலே யாரோ சிரித்தார்கள். சாகசத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்தவர்கள் கை தட்டினார்கள். மறுபடி ஏற்றினான். இந்தத் தடவை சுவரை முன்சக்கரம் தொட்டது. தொட்ட இடத்தில் உள்ளங்கை தீப்பட்ட மாதிரி விரிந்துகொண்டது. வண்டியோடு தரைக்கு வந்து சேர்ந்தான். விழவில்லை. விழுந்திருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மேலே விளிம்பிலிருந்து நல்லகாமன் கையை நீட்டி, விரலால் கருப்பைக் காட்டினார். கருப்பு வந்து கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, குடுங்க."

"இன்னொரு தடவை பாக்குறேன்டா."

"கையைப் பாருங்கண்ணே. டேங்கெல்லாம் ரத்தம்."

தவசி இறங்கினான். கருப்பு துணியால் கைப்பிடியைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். துடைத்த துணி காலையில் வண்டி துடைத்த அதே துணி. ஒரு சுற்று தரையில், ஒரு சுற்று சரிவில், அடுத்த சுற்றுக்குள் சுவரில் இருந்தான். பலகை எங்கேயும் தட்டவில்லை. பொருத்து எங்கேயும் முனகவில்லை. சத்தம் ஒரே சீராக, எண்ணெய் ஊற்றின மாதிரிப் போனது. வட்டம் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.

ஓட்டுகிறவன் சுவரில் இருக்கும்போது கீழே நிற்கிறவன் ஓரத்தில் நிற்கக்கூடாது. நடுவுக்குப் போய்விட வேண்டும். தவசி நடுவுக்குப் போனான். முத்திருளன் பிடுங்கின முளையின் குழி இன்னும் மூடாமல் கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றான். எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர் ஒரே தூரத்தில் இருந்தது.

வெளியே டிக்கெட் பெட்டிக்குள் இருக்கிற அழகம்மாளுக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. எஞ்சின் சத்தம் சுவரில் ஏறியதை மட்டும் கேட்டாள். அவள் குரலில் அவ்வளவு நேரம் இருந்த நடுக்கம் போய், மைக்கில் கணீரென்று எழும்பியது.

"இதோ பாருங்கள்! மேலூர் மண்ணின் மைந்தன் தவசி! உயிரைத் துச்சமென மதித்து, செங்குத்துச் சுவரில் சுற்றிச் சுற்றி வருகிறார் தவசி! இப்போது இரண்டு கைகளையும் விடப்போகிறார், கண் இமைக்காமல் பாருங்கள்!"

நல்லகாமன் தடுக்கவில்லை. சுவரொட்டியில் இருக்கிற பேர்தானே. கூட்டத்துக்கு யாராக இருந்தால் என்ன. கருப்பு இரண்டு கையையும் விட்டு விரித்தான். "தவசி! தவசி!" என்று குவாரி ஆட்கள் அல்லாத சனமெல்லாம் கத்தியது.

தவசியால் நிற்க முடியவில்லை. நடக்கலாமென்றால் நடக்க இடமில்லை. தன்னுடைய பேரும் கருப்பும் தலைக்கு மேலே சுற்றச் சுற்ற, குதிகாலை ஊன்றி அவனும் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தான். குதிகால் பட்டுப் பட்டு முளைக்குழியின் விளிம்பு சரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பில் அந்த முண்டாசு வந்து வந்து போனது. எல்லாத் தலையும் பைக்கோடு சேர்ந்து வலமாகத் திரும்பிக்கொண்டிருக்க, முண்டாசு கட்டிய தலை மட்டும் திரும்பவில்லை. அது நடுவையே பார்த்துக்கொண்டிருந்தது.